வான்வெளி என்னும் சொல்: யாருடைய வானம், யாருடைய பொறுப்பு

தமிழ்ச் செய்திகளில் ‘வான்வெளி’ என்னும் சொல் இரு வேறு இடங்களில் தென்படுகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பினால் ‘வான்வெளி ஆய்வில் புதிய சாதனை’ என்று எழுதுகிறார்கள். இரு நாடுகளுக்கிடையே பதற்றம் மூண்டால் ‘வான்வெளி மூடப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். முதல் இடத்தில் வர வேண்டிய சொல் விண்வெளி. பழந்தமிழில் வான், விண் இரண்டும் ஒரே ஆகாயத்தைத்தான் குறித்தன என்பதால் இந்தக் குழப்பத்துக்கு எழுதுபவரை மட்டும் குறைகூற முடியாது. ஆனால், இன்றைய சட்டமும் விமானத் துறையும் இவ்விரு சொற்களையும் கண்டிப்பாகப் பிரித்தே வைத்திருக்கின்றன. பூமியைச் சூழ்ந்துள்ள காற்றைச் சொல்ல வளிமண்டலம் என்ற சொல் இருக்கிறது. அது இயற்பியலுக்கு உரியது. கோள்களும் செயற்கைக்கோள்களும் சுற்றும் வெளிக்கு விண்வெளி என்று பெயர். வான்வெளி என்பதோ, இலங்கைத் தமிழில் வான்பரப்பு என்றும் வழங்குவது, அடிப்படையில் ஒரு சட்டச் சொல். காற்று எங்கே இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. அந்தக் காற்றில் பறக்க யார் அனுமதி தர வேண்டும் என்பதைத்தான் சொல்கிறது.

ஒரு நாட்டின் நிலத்துக்கும் அதன் கரையோரக் கடலுக்கும் நேர் மேலாக உள்ள, அந்நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்ட பகுதியே அந்நாட்டின் வான்வெளி என்பது பாடப்புத்தக விளக்கம். விளக்கம் சரியானதே. ஆயினும் இதை மட்டும் தெரிந்துகொண்டு செய்திகளைப் படிக்கத் தொடங்கும் ஒருவர் விரைவிலேயே தடுமாறுவார். ஏனெனில் நாட்டின் உரிமையைக் குறிக்கும் இதே சொல், விமானங்களுக்கு வழிகாட்டும் பொறுப்பு யாருக்கு என்பதைக் குறிக்கவும், வானத்தை உயரவாரியாகப் பிரித்துப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்துவதைக் குறிக்கவும் பயன்படுகிறது. மூன்றுக்கும் எல்லைக்கோடுகள் வெவ்வேறு.

உரிமையிலிருந்து தொடங்கலாம். மனிதர்கள் பறக்கத் தொடங்கும் வரை வானத்துக்கு எல்லை வகுக்க வேண்டிய தேவை எழவில்லை. பிரான்சில் மோங்கோல்ஃபியே சகோதரர்களின் வெப்பக் காற்று பலூன் 1783-இல் மனிதர்களை ஏற்றிக்கொண்டு எழும்பியது; அடுத்த ஆண்டே, அனுமதியின்றி பலூன் பறக்கவிடக் கூடாது என்று பாரிஸ் நகரக் காவல் துறை ஆணை பிறப்பித்துவிட்டது. எரியும் பலூன் கூரைகளின்மேல் விழுந்துவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம். நாடுகளுக்கிடையிலான கேள்வியாக இது மாறியது முதல் உலகப் போருக்குப் பின்னர்தான். கடல் எல்லோருக்கும் பொதுவாக இருப்பதுபோல வானமும் பொதுவாக இருக்கட்டும் என்று வாதிட்ட சட்ட அறிஞர்கள் அதற்கு முன்பு இருந்தனர். குண்டு வீசும் விமானங்களைப் பார்த்துவிட்ட நாடுகள் அதற்கு இணங்கவில்லை. 1919-ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை, தன் நிலப்பரப்பின் மேலுள்ள வான்வெளி ஒவ்வொரு நாட்டுக்கும் உரியது என்று ஏற்றுக்கொண்டது. 1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான உடன்படிக்கை அதை இன்னும் அழுத்தமாக, முழுமையானதும் பிறர் பங்கு கேட்க முடியாததுமான இறையாண்மை என்று தன் முதல் விதியிலேயே எழுதிவைத்தது. இன்றைய உலக விமானப் போக்குவரத்து முழுவதும் இந்தச் சிகாகோ உடன்படிக்கையின் மேல்தான் நிற்கிறது.

இந்த உரிமை பக்கவாட்டில் எதுவரை செல்லும் என்பதில் சிக்கல் அதிகம் இல்லை. கரையின் அடிக்கோட்டிலிருந்து (கடல் எல்லைகளை அளக்கத் தொடங்கும் கோட்டிலிருந்து) 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீட்டர் வரையிலான கடல் அந்தந்த நாட்டின் ஆட்சிக்கு உட்பட்டது. அதன் மேலுள்ள வானும் அப்படியே. அதற்கு அப்பால் திறந்த கடல். அங்கே எந்த நாட்டின் விமானமும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பறக்கலாம். மீன்பிடி உரிமைக்குரிய 200 கடல் மைல் மண்டலம் வான்வெளியில் சேராது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், பலர் அதையும் இதனோடு சேர்த்துவிடுகிறார்கள். பாக் நீரிணை போன்ற குறுகிய கடலில் இரு கரைகளுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்துக்கொள்ளச் சில இடங்களில் போதிய அகலம் இல்லாததால், இந்தியாவும் இலங்கையும் 1974-இல் ஒப்புக்கொண்ட கடல் எல்லைக்கோடே தலைக்கு மேலும் கோடாக நிற்கிறது.

மேல்நோக்கி எதுவரை என்பதுதான் சுவையான கேள்வி. இதற்கு உலகம் ஒப்புக்கொண்ட விடை இன்றுவரை கிடையாது. விண்வெளி எந்த நாட்டுக்கும் சொந்தமாகாது என்று 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை சொல்கிறது. வான்வெளி முழுவதும் அந்தந்த நாட்டுக்கே சொந்தம் என்று சிகாகோ உடன்படிக்கை சொல்கிறது. ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் இடத்தை இரண்டுமே சொல்லவில்லை. கடல் மட்டத்திலிருந்து 100 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள கார்மன் கோட்டை வான்விளையாட்டுகளுக்கான சர்வதேசக் கூட்டமைப்பு எல்லையாகக் கொள்கிறது. அமெரிக்காவிலோ 50 மைல், அதாவது ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்தைக் கடந்தவர்களையே விண்வெளி வீரர்களாகக் கணக்கிடும் வழக்கம் இருந்துவருகிறது.

எழுதப்படாத இந்த எல்லையை நாடுகளின் நடத்தையிலிருந்து ஓரளவு ஊகிக்கலாம். 1957 அக்டோபரில் சோவியத் ஒன்றியத்தின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் உலக நாடுகள் அனைத்தின் தலைக்கு மேலும் சுற்றி வந்தபோது, தன் எல்லை மீறப்பட்டதாக எந்த நாடும் முறையிடவில்லை. மூன்று ஆண்டுகள் கூட முடியாத நிலையில், 1960 மே 1 அன்று ஏறத்தாழ 70,000 அடி உயரத்தில் தன் மண்ணின்மேல் பறந்த அமெரிக்காவின் யு-2 உளவு விமானத்தைச் சோவியத் ஏவுகணை வீழ்த்தியது. இரண்டும் அனுமதி கேட்காமல் பிற நாட்டின் தலைக்கு மேல் சென்றவையே. ஒன்று விண்வெளியில் சென்றது, மற்றொன்று வான்வெளியில் சென்றது. 2023 பிப்ரவரியில் சீனாவின் பலூன் ஒன்றை அமெரிக்கா தன் கிழக்குக் கரையோரத்தில் சுட்டு வீழ்த்தியதும் இதே கணக்கில்தான். பயணிகள் விமானங்கள் எட்டாத உயரத்தில், சுமார் 60,000 அடியில் அது மிதந்துகொண்டிருந்தது. ஆனாலும் அது வான்வெளியே.

அனுமதியின்றி நுழைவதை ‘வான்வெளி அத்துமீறல்’ என்கிறோம். தமிழ் வாசகர்களுக்கு இதில் நெருக்கமான நிகழ்வு 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் நடந்தது. நிவாரணப் பொருள்களுடன் இந்தியாவிலிருந்து சென்ற படகுகளை முந்தைய நாள் இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பிவிட்ட நிலையில், இந்திய விமானப்படையின் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், மிராஜ் 2000 போர் விமானங்களின் காவலோடு பறந்து சென்று உணவுப் பொட்டலங்களை வான்வழியே போட்டுவிட்டுத் திரும்பின. பூமாலை நடவடிக்கை என்று அதற்குப் பெயர். பட்டினி கிடந்த மக்களுக்குச் செய்த உதவி என்று இந்தியா கூறியது; தன் இறையாண்மையை மீறிய செயல் என்று இலங்கை கண்டித்தது. எந்தத் தரப்பின் நியாயம் பெரியது என்பது அரசியல் கேள்வி. சொல்லின் பொருளைத் தேடும் நமக்கு வேண்டியது ஒன்றே: பொட்டலத்தில் இருந்தது அரிசியா வெடிபொருளா என்பதை வான்வெளிச் சட்டம் முதலில் கேட்பதில்லை, அனுமதி இருந்ததா என்பதையே முதலில் கேட்கிறது.

அப்படியானால் வழி தவறி நுழையும் பயணிகள் விமானத்தைச் சுட்டுவிடலாமா? 1983 செப்டம்பர் 1 அன்று இந்தக் கேள்வி மிகக் கொடூரமாக எழுந்தது. நியூயார்க்கிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜ் வழியாகச் சியோலுக்குச் சென்றுகொண்டிருந்த கொரிய விமானம் பாதை விலகிச் சோவியத் வான்வெளிக்குள் புகுந்துவிட, போர் விமானம் ஒன்று அதைச் சுட்டு வீழ்த்தியது. விமானத்திலிருந்த 269 பேரும் உயிரிழந்தனர். அதன் விளைவாக அடுத்த ஆண்டு சிகாகோ உடன்படிக்கையில் ஒரு புதிய விதி சேர்க்கப்பட்டது. அத்துமீறி நுழைந்த சிவில் விமானத்தை இடைமறிக்கலாம், தரையிறங்கும்படி ஆணையிடலாம். ஆனால், அதன்மேல் ஆயுதம் பயன்படுத்துவதை நாடுகள் தவிர்க்க வேண்டும். முழுமையான இறையாண்மை என்று முதல் விதி சொன்னதற்கு உலகம் பின்னாளில் போட்டுக்கொண்ட கடிவாளம் இது.

இனி இரண்டாவது பொருள். வானில் செல்லும் விமானத்துக்கு வானிலைத் தகவல் தரவும், அருகில் வரும் பிற விமானங்களை விலக்கிவிடவும், விபத்து நேர்ந்தால் தேடத் தொடங்கவும் யாராவது ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். அதற்காக உலகின் வானம் முழுவதும், திறந்த கடலின் மேலுள்ள வானம் உள்பட, பறப்புத் தகவல் பகுதிகளாகப் பங்கிடப்பட்டிருக்கிறது. துறையினர் இதை எஃப்.ஐ.ஆர். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். காவல் நிலையத்து எஃப்.ஐ.ஆருக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. இந்தியாவில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெரும் பகுதிகள் உள்ளன. சென்னைப் பகுதி நம் மாநிலத்தோடு முடிந்துவிடுவதில்லை. வங்காள விரிகுடாவின் மேல் நெடுந்தொலைவு விரிந்து, தெற்கே கொழும்புப் பகுதியையும் கிழக்கே கோலாலம்பூர் பகுதியையும் தொடுகிறது. சிங்கப்பூரிலிருந்து துபாய்க்குச் செல்லும் விமானம் இந்திய மண்ணில் இறங்காவிட்டாலும், இந்தப் பகுதிக்குள் பறக்கும் நேரம் முழுவதும் அதன் விமானிக்குச் சென்னைக் கட்டுப்பாட்டு மையத்தின் பணியாளர்களே துணை.

இந்திய விமான நிலையங்கள் ஆணையம் இவ்வாறு கவனித்துக்கொள்ளும் மொத்தப் பரப்பு சுமார் 28 இலட்சம் சதுரக் கடல் மைல். அதில் பாதிக்கும் மேற்பட்டது கடலின் மேல் உள்ளது. இவ்வளவும் ‘இந்திய வான்வெளி’ என்றே பேச்சுவழக்கில் சொல்லப்படுகிறது. ஆனால், கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால் உள்ளவற்றில் இந்தியாவுக்கு இருப்பது கடமையே தவிர உடைமை அல்ல. ஒரு போர் விமானம் ‘சென்னை வான்வெளிக்குள்’ பறந்தது என்ற செய்தியைப் படித்துப் பதறுவதற்கு முன், அது உரிமை எல்லையா பொறுப்பு எல்லையா என்று கேட்பது நல்லது.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு என்று நினைப்பவர்களுக்குக் கத்தாரின் கதையைச் சொல்லலாம். கத்தாருக்குத் தன் நிலத்தின் மேல் இறையாண்மை முழுமையாக இருந்தது; ஆனால், தனக்கென்று ஒரு பறப்புத் தகவல் பகுதி இருக்கவில்லை. சுற்றிலும் உள்ள வானத்தைப் பஹ்ரைன்தான் நிர்வகித்துவந்தது. 2017 ஜூனில் சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், பஹ்ரைன், எகிப்து ஆகிய நாடுகள் கத்தாரோடு உறவை முறித்துத் தங்கள் வான்வெளியை அதன் விமானங்களுக்கு மூடியபோது, வீட்டுப் பட்டா கையில் இருந்தும் தெருவுக்குப் போகும் பாதை அடுத்தவர் நிலத்தில் இருப்பவரின் நிலைக்குக் கத்தார் தள்ளப்பட்டது. ஈரானின் மேலாகச் சுற்றித்தான் அதன் விமானங்கள் பல ஊர்களுக்குப் போய்வந்தன. 2021 ஜனவரியில் தடை நீங்கியது. அதற்கு அடுத்த ஆண்டில் தோஹாவுக்கென்று தனிப் பறப்புத் தகவல் பகுதி ஒன்றைக் கத்தார் பெற்றுக்கொண்டது.

‘மூடுதல்’ என்ற வினையையும் இந்த இடத்தில் விளக்கிவிடலாம். வானத்துக்குக் கதவு இல்லை. மூடப்படுவது ஓர் அறிவிப்பின் மூலம். விமானிகளுக்கான அந்த அதிகாரபூர்வ அறிவிப்பை நோட்டாம் என்கிறார்கள். எந்தப் பகுதி, எந்த உயரம் முதல் எந்த உயரம் வரை, எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை, யாருக்குத் தடை என்ற விவரங்கள் அதில் இருக்கும். செய்தித் தலைப்பில் ‘வான்வெளி மூடல்’ என்று ஒரே மாதிரி வருபவை நோட்டாமில் மிகவும் வேறுபடும். 2019 பிப்ரவரி இறுதியில் பாகிஸ்தான் மூடியபோது, இந்தியாவையும் மேற்கு நாடுகளையும் இணைக்கும் வழித்தடங்கள் பெரும்பாலும் எல்லா நாட்டு விமானங்களுக்கும் அடைபட்டன. ஜூலை 16 அன்றுதான் திறந்தன. அந்த ஆண்டு ஜூலைத் தொடக்கம் வரை ஏர் இந்தியாவுக்கு மட்டும் 491 கோடி ரூபாய் இழப்பு என்று அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. 2025 ஏப்ரல் 24 அன்று பாகிஸ்தான் மீண்டும் மூடியது. ஆனால், இம்முறை இந்திய விமானங்களுக்கு மட்டும். ஆறு நாள் கழித்து இந்தியாவும் பாகிஸ்தான் விமானங்களுக்கு அதே தடையை விதித்தது. எனவே தில்லியிலிருந்து இலண்டனுக்குச் செல்லும் இரண்டு விமானங்களில் அயல்நாட்டு நிறுவனத்தினுடையது நேர்வழியிலும், இந்திய நிறுவனத்தினுடையது அரபிக்கடல் பக்கமாகச் சுற்றியும் செல்லும் விந்தையான நிலை உண்டானது. சென்னையிலிருந்து துபாய்க்குப் பறப்பவருக்கு இதில் பெரிதாக எதுவும் மாறவில்லை, அந்தப் பாதை முதலிலிருந்தே அரபிக்கடலின் மேல்தான் செல்கிறது.

அரசியலே இல்லாத மூடல்களும் உண்டு. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலையின் சாம்பல் ஐரோப்பா முழுவதும் பரவியபோது, சாம்பல் என்ஜினுக்குள் போனால் உருகி ஒட்டிக்கொண்டு என்ஜினை நிறுத்திவிடும் என்ற அச்சத்தில் பல நாடுகள் ஒரு வாரம்வரை விமானங்களைத் தரையிலேயே நிறுத்திவைத்தன. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் ஒவ்வொரு முறையும் வங்காள விரிகுடாவின் மேல் ஒரு பகுதி சில மணி நேரத்துக்கு ஆபத்துப் பகுதியாக அறிவிக்கப்படுகிறது. 2024 அக்டோபரில் மெரினாவில் நடந்த விமானப்படைச் சாகச நிகழ்ச்சிக்காகவும், அதற்கு முந்தைய ஒத்திகைகளுக்காகவும் சென்னை வான்வெளி குறிப்பிட்ட நேரங்களில் மூடப்பட்டு, பயணிகள் விமானங்களின் நேரம் மாற்றியமைக்கப்பட்டது.

மூன்றாவது பொருள் விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் அன்றாடம் புழங்குவது. அவர்களுக்கு வான்வெளி என்பது அடுக்கடுக்கான அறைகள் கொண்ட கட்டடம் போன்றது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு அதை ஏ முதல் ஜி வரை ஏழு வகைகளாகப் பிரித்திருக்கிறது. ஏ வகையில் கருவிகளின் துணையோடு, கட்டுப்பாட்டாளரின் அனுமதியோடு மட்டுமே பறக்க முடியும். ஜி வகையில் கட்டுப்பாட்டாளர் இல்லை, விமானி தன் கண்ணையே நம்ப வேண்டும். இவற்றோடு, யாரும் நுழையவே கூடாத தடைப் பகுதிகள், நிபந்தனையோடு நுழையக்கூடிய கட்டுப்பாட்டுப் பகுதிகள், பீரங்கிப் பயிற்சி போன்றவை நடக்கும் ஆபத்துப் பகுதிகள் ஆகியவை தனி. உயரத்தைப் பங்கிடுவதில் உள்ள நுட்பமும் கவனிக்கத் தக்கது: 29,000 அடிக்கும் 41,000 அடிக்கும் இடையே பறக்கும் விமானங்களுக்கு மேலும் கீழுமாக இருக்க வேண்டிய இடைவெளி முன்பு 2,000 அடியாக இருந்தது, உயரம் அளக்கும் கருவிகள் துல்லியமானதால் அது 1,000 அடியாகக் குறைக்கப்பட்டது. வானம் அகலவில்லை, ஆனால் அதே வானத்தில் கூடுதல் பாதைகள் கிடைத்தன.

இந்த அறைகளின் சுவர்கள் சரியாக இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்கி தாத்ரி காட்டியது. தில்லியிலிருந்து புறப்பட்ட சவூதி விமானத்துக்கு 14,000 அடியும், தில்லியை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியும் ஒதுக்கப்பட்டிருந்தன. இரண்டாவது விமானம் தனக்கு ஒதுக்கிய உயரத்துக்குக் கீழே வந்துவிட்டது. நடுவானில் மோதி 349 பேர் இறந்தனர். தவறு அந்த விமானக் குழுவினருடையது என்று விசாரணை கண்டது. ஆயினும் தில்லியைச் சுற்றிய வானத்தின் பெரும் பகுதி விமானப்படையின் வசம் இருந்ததால், புறப்படும் விமானங்களும் வந்திறங்கும் விமானங்களும் ஒரே தடத்தில் எதிரெதிராகச் செல்ல வேண்டியிருந்ததும் உண்மை. பின்னர்த் தடங்கள் பிரிக்கப்பட்டன. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயமாக்கப்பட்டது.

இராணுவத்துக்கும் சிவில் போக்குவரத்துக்கும் இடையிலான இந்தப் பங்கீடு இன்னும் முடிந்தபாடில்லை. இந்திய வான்வெளியில் 60 விழுக்காடு மட்டுமே சிவில் விமானங்களுக்குத் தடையின்றிக் கிடைக்கிறது என்று 2020 மே மாதத்தில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் கூறினார். கட்டுப்பாடுகளைத் தளர்த்தினால் ஆண்டுக்குச் சுமார் 1,000 கோடி ரூபாய் மிச்சமாகும் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. ஓர் இராணுவப் பகுதியை நிரந்தரமாகப் பூட்டிவைக்காமல், பயிற்சி இல்லாத நேரங்களில் பயணிகள் விமானங்களுக்குத் திறந்துவிடும் முறை அதற்குத் தீர்வாக முன்வைக்கப்படுகிறது. விமானம் கொஞ்சம் நேராகப் போனாலும் எரிபொருள் மிச்சம்தான்.

கடைசியாக, நம் வீட்டு மொட்டை மாடிக்கு வருவோம். நிலம் யாருடையதோ, அதன் மேலுள்ள வானமும் சொர்க்கம்வரை அவருடையதே என்பது ஐரோப்பியச் சட்டத்தின் பழைய கோட்பாடு. அமெரிக்காவின் வட கரோலினாவில் கோழிப்பண்ணை நடத்திவந்த காஸ்பி குடும்பத்தார் அதை நம்பித்தான் வழக்குத் தொடுத்தனர். இரண்டாம் உலகப் போரின்போது அவர்கள் நிலத்தின்மேல் 83 அடி உயரத்தில் இராணுவ விமானங்கள் பறக்க, மிரண்ட கோழிகள் சுவரில் மோதி ஏறத்தாழ 150 வரை செத்துவிட்டன. 1946-இல் தீர்ப்பளித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், சொர்க்கம்வரை சொந்தம் என்ற கோட்பாட்டுக்கு இன்றைய உலகில் இடமில்லை என்று தள்ளிவிட்டது. ஆனால், வீட்டையும் நிலத்தையும் அனுபவிக்கத் தேவையான தாழ்ந்த உயரம் நில உரிமையாளருக்கே உரியது என்று கூறி, காஸ்பிக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்றும் ஏற்றது. எத்தனை அடி வரை என்று மட்டும் அது சொல்லவில்லை.

நெடுங்காலம் யாரும் கேட்காத அந்த அடிக் கணக்கை டிரோன்கள் மீண்டும் கிளப்பிவிட்டன. இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு டிரோன் விதிகள் நாட்டின் வரைபடத்தையே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறங்களாகப் பிரித்து, டிஜிட்டல் ஸ்கை என்ற இணையதளத்தில் வைத்திருக்கின்றன. பச்சைப் பகுதியில் 400 அடி உயரம்வரை பறக்கவிட முன்னனுமதி வேண்டியதில்லை. விமான நிலையத்தின் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடி வரைதான். அதைவிட நெருங்கினால் மஞ்சள் அல்லது சிவப்புப் பகுதி; அந்த உயரங்களைத் தாண்டினால் மஞ்சள் பகுதி. மஞ்சள் பகுதியில் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையத்தின் அனுமதி தேவை. சிவப்புப் பகுதியில் மத்திய அரசு அனுமதித்தால் மட்டுமே பறக்கலாம். திருமண மண்டபத்தில் படம் எடுக்க டிரோனைக் கொண்டுவரும் ஒளிப்பதிவாளர், மண்டபம் மீனம்பாக்கத்துக்குப் பக்கத்தில் இருந்தால், அதைத் தரையிலிருந்து கிளப்புவதற்கு முன்பே வரைபடத்தில் அந்த இடத்தின் நிறத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.